சொல்லுக்குச் சொல்

வியாழன் காலை ஒன்பதுக்குள்
அறிக்கை வேண்டும், மூன்று பிரதி.
நோயாளியோடு கதைத்ததை
சொல்லுக்குச் சொல், இருமல் உட்பட.
ஒலிப்பதிவு கூடாது, ஞாபகம்தான் கருவி.
நான் சொன்னது மா-1, மா-2.
அவர் சொன்னது நோ-1, நோ-2.
ஆங்கிலப் படிவத்தில் வேறு எழுத்துகள்;
இது என் கொப்பியில் நானே வைத்த சுருக்கம்.
மா, மாணவி. நோ, நோயாளி.
எங்கள் பக்கம் நோ என்றாலே வலி.
அதற்கு இலக்கம் போட்டுக்கொண்டு போகிறேன்.

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
கையுறையோடு புரட்ட வராமல்
கிரேக்க வினைச்சொல் அட்டைகளில்
இறந்தகாலம் ஒன்று
பஸ் தரையின் உப்புச் சேற்றில் விழுந்தது.
இறையியல் கல்லூரியில் எனக்கு இரண்டாம் வருடம்.
அதற்கு முன் பதினாறு வருடம்
பற்களுக்கு எக்ஸ்ரே எடுத்தேன்.
அசையாதீங்கோ
என்பதுதான் என் முழுப் பிரசங்கமும்.

ஐந்தாம் மாடி, ஜன்னல் பக்கக் கட்டில்.
பட்டியலில் பெயர் மங்கையற்கரசி.
தாதிமார் வாயில் அது
பாதியிலேயே மங்கிவிடும்.

நோ-1: நீர் வேதக்காரப் பிள்ளையோ?
மா-1: ஓம்.
நோ-2: பரவாயில்லை. கதிரை கிடக்கு.
மா-2: எப்படி இருக்கிறீங்கள், அன்ரி?
நோ-3: என்னவோ செய்யுது.
மா-3: நாங்கள் ஜெபிப்போமா?

மேற்பார்வையாளர் மார்த்தா ஃப்ரீசன்
நோ-3இல் பென்சிலை நிறுத்தினார்.
'உடம்பு சரியில்லை' என்று பெயர்த்திருந்தேன்.
இதைத்தான் சொன்னாரா?
இல்லை. ஏதோ ஒன்று செய்கிறது, என்றார்.
எது?
தெரியாது.
என்ன செய்கிறது?
அதுவும் தெரியாது.
யாருக்கு?
அதைச் சொல்லவே இல்லை.
எங்கள் மொழியில் சொல்லாமலும் விடலாம்.

ஒபின்னா சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.
லொரெய்ன் தேநீர்க் குவளையைத் திறந்து
குடிக்காமல் மூடினாள்.
போன பருவம்
கடவுளின் செயல் பற்றி இருபது பக்கம் எழுதி
ஏ மைனஸ் வாங்கியவள் நான்.
எழுவாய் இல்லாத வாக்கியம்
அதில் ஒன்றுகூட இல்லை.

சரி, ஜெபம். அது யாருக்குத் தேவைப்பட்டது?
ஹீட்டர் குழாய் இரண்டு தரம் தட்டிற்று.
எனக்கு, என்றேன்.

மா-3க்குப் பிறகு ஒன்பது நிமிடம் காணவில்லை.
அதில் ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்பது நிமிடமாகவா?
சொக்ஸ் போட்டுவிட்டேன்.
எழுது, என்றார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'உணர்வுகள்' என்று ஒரு கட்டம் உண்டு.
'இறையியல் சிந்தனை'க்கு அரைப் பக்கம்,
அதை இன்னும் தொடவில்லை.
நூலகம் பூட்டப் பத்து நிமிடம் இருக்கையில்
ஓரத்து வெள்ளையில்
தமிழிலேயே எழுதினேன்.
பெயர்ப்பதை நாளைக்குப் பார்க்கலாம்.

நோ-4: பிள்ளை, முதல் உந்தச் சொக்ஸைப் போட்டுவிடும்.
பிறகு உம்மட ஆளோடை ஆறுதலாக் கதையும்.
(கால் வீங்கியிருந்தது.
ஆஸ்பத்திரிச் சொக்ஸ், அடியில் ரப்பர் புள்ளிகள்.
முழந்தாளில் இருந்தேன்,
வேறு எப்படியும் எட்டாது.)
மா-4: அசையாதீங்கோ.
நோ-5: எங்கை அசையிறது.
(இருமல்.)
நோ-6: இப்பவும் என்னவோ செய்யுது.
மா-5: (பதில் இல்லை.
குதிகால் வரவேண்டிய இடம்
மேல்பக்கம் வந்திருந்தது.
கழற்றித் திருப்பிப் போட்டேன்.)